பசை வைக்காத பீரோ

வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்பில் சேர்கார பகலவன் வீடு எது என்று கேட்டால் யாரும் மூன்றாவது மாடியைக் கை காட்டுவார்கள். பேரை நம்பி ஏறி வருகிறவர் உட்கார அங்கே ஒரு சேர் இருக்காது. ஒரு கட்டில், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், சுருட்டி மூலையில் சாத்திய இரண்டு கோரைப்பாய். அவ்வளவுதான். ஆனால் டி.வி.க்கு மேலே கண்ணாடி போட்ட அலமாரி ஒன்று உண்டு. அதற்குள் பதினேழு நாற்காலி, ஆறு கட்டில், ஒரு சோபா செட்டு, சங்கிலி போட்ட ஊஞ்சல், டிரஸ்ஸிங் டேபிள், எட்டுப் பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற மேசை என்று ஒரு பங்களாவுக்கு வேண்டிய சாமான் அத்தனையும் இருக்கும். என்ன, சாப்பிட வருகிற எட்டுப் பேரும் சுண்டுவிரல் உயரத்துக்கு மேல் வளராதவர்களாக இருக்க வேண்டும்.

பகலவனுக்கு ஐம்பத்து மூன்று வயது. ஆறடி உயரம். கதவு நிலையில் இடிக்காமல் குனிந்து குனிந்து வந்ததில் கழுத்தில் ஒரு பணிவு வந்துவிட்டது. குணத்திலும் வந்ததா என்று கேட்டால் அவர் மனைவி கெங்கம்மா சிரிப்பாள். விரல் ஒவ்வொன்றும் பேயன்பழம் கனத்துக்கு இருக்கும். இந்த விரல்களை வைத்துக்கொண்டு தீக்குச்சி கனத்தில் ஒரு நாற்காலிக்காலை எப்படிக் கடைசல் பிடித்ததுபோலச் செதுக்குகிறார் என்பது யாருக்கும் விளங்காத விஷயம். அவரைக் கேட்டால் விளக்குவார். அதனால் யாரும் கேட்பதில்லை.

வேலை, திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில். அங்கே சிக்னல்மேன். கிரேன்காரர் ஐம்பதடி உயரத்தில் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார். கீழே நடப்பது அவருக்கு முழுசாகத் தெரியாது. நாற்பதடிப் பெட்டியை டிரெய்லர் முதுகில் இறக்கும்போது கீழே நின்று கையாலும் வாக்கிடாக்கியிலும், வா, வா, இன்னும் கொஞ்சம், நிறுத்து என்று சொல்கிறவர்தான் சிக்னல்மேன். இருபத்திரண்டு வருடத்தில் தான் கை காட்டி ஒரு பெட்டிகூடக் கோணலாக இறங்கியதில்லை என்று பகலவன் சொல்லுவார். கேட்டவர்களுக்குச் சொல்லுவார், கேட்காதவர்களுக்கும் சொல்லுவார்.

அப்பேர்ப்பட்டவர் ஒரே ஒரு சோபாவை மூன்று மாடி ஏற்ற முடியாமல் தோற்றுப்போனார். அது நடந்து ஏழு வருடம் ஆகிறது. கெங்கம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். நாளெல்லாம் அடுப்படியில் நின்றுவிட்டு வருகிறவளுக்குச் சாய்ந்து உட்கார ஒரு சோபா வேண்டும் என்று ஆசை. மூலக்கொத்தளம் பக்கம் ஒரு கடையில் மூன்று பேர் உட்காரும் மெரூன் கலர் சோபாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தார்கள். சாமான் வந்து இறங்கியது. இரண்டு ஆட்கள் தூக்க, பகலவன் மேல்படியில் நின்று கையை ஆட்டினார். முதல் மாடி சரியாக ஏறியது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் சோபா சுவருக்கும் கைப்பிடிக் கம்பிக்கும் நடுவே குறுக்காக மாட்டிக்கொண்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. பகலவன் வலது என்றார், இடது என்றார், நிமிர்த்து என்றார், படுக்கப்போடு என்றார். ஆட்கள் பீடி குடித்துவிட்டு வருகிறோம் என்று போனார்கள்.

அன்று மத்தியானம் வரைக்கும் குடியிருப்பு முழுக்க அந்தச் சோபாவின் மேல் ஏறி இறங்கித்தான் நடமாடியது. இரண்டாம் மாடி கன்னியம்மா மொச்சைக்கொட்டை கூடையோடு வந்து அதிலேயே சாய்ந்து உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்துவிட்டாள். நன்றாகத்தான் இருக்கிறது, இங்கேயே இருக்கட்டுமே என்று வேறு சொன்னாள். கடைசியில் சோபா வந்த வழியே கடைக்குத் திரும்பியது. பகலவன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் யார்டிலிருந்து ஒரு துண்டு மரம் கொண்டு வந்தார். பெட்டிக்குள் சரக்கு ஆடாமல் இருக்க முட்டுக் கொடுக்கிற கட்டை அது. எந்த நாட்டு மரமோ, வெள்ளை வெளேரென்று இருக்கும். பிளேடையும் உப்புத்தாளையும் வைத்துக்கொண்டு பத்து நாள் உட்கார்ந்து, கெங்கம்மாவின் மெரூன் ரவிக்கைத் துணியில் மெத்தை தைத்து, அதே சோபாவை நான்கு அங்குலத்தில் செய்து டி.வி. மேல் வைத்தார்.

"இந்தா, உன் சோபா."

கெங்கம்மா அதன் மெத்தையைத் தடவிப் பார்த்தாள். அந்த ரவிக்கைத் துணியை அவள் ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

அப்படி ஆரம்பித்ததுதான். முதல் ஷிப்ட் முடிந்து நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்தால், வெளி நடையில் வெளிச்சம் இருக்கிற வரைக்கும் பலகை ஒன்றை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். யார்டு கேட்டில் செக்யூரிட்டி அவருடைய சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்து, இரண்டு விரல் நீளக் கட்டைக்கு எதற்கு நோட்டில் எழுத வேண்டும் என்று சலித்துக்கொள்வார். பகலவன் விடமாட்டார். எழுதத்தான் வேண்டும் என்பார். 'கட்டை இரண்டு, நாற்காலிக்கு' என்று அந்த நோட்டில் ஏழு வருடமாகப் பதிவாகிக்கொண்டே இருக்கிறது. புதிதாக வந்த ஒரு மேனேஜர் அதைப் படித்துவிட்டு, இந்த ஆள் பர்னிச்சர் கடை நடத்துகிறாரா என்று விசாரணையே வைத்தார்.

வீட்டில் நெயில்கட்டர் காணாமல் போகும். கெங்கம்மாவின் ஹேர்பின் கதவுக் கீலாக மாறும். யாராவது வீட்டுக்கு வந்தால் தண்ணீர் கொடுக்கும் முன்னே அலமாரிக் கண்ணாடி திறக்கும். கெங்கம்மா இதற்கெல்லாம் சண்டை போட்டவள் இல்லை. வாரம் ஒருமுறை பெயின்ட் பிரஷ்ஷால் அத்தனையையும் தூசி தட்டுகிறவளும் அவள்தான். தட்டிக்கொண்டே ஒன்று மட்டும் சொல்லுவாள்.

"மனுசன் குந்த ஒரு சேரு இல்ல. கட்டெறும்புக்கு டைனிங் டேபிளு."

இவர்களுக்கு மதி ஒரே பெண். தண்டையார்பேட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியன். அங்கேயே வேலை செய்கிற சித்தார்த்தைப் பிடித்திருக்கிறது என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள். பையன் பெரம்பூர், அப்பா ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர், அம்மா அங்கன்வாடி டீச்சர், நம்மைப்போலவே புத்த விகாரைக்குப் போகிறவர்கள், வரும் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறார்கள். பகலவனுக்கும் கெங்கம்மாவுக்கும் ஆட்சேபணை ஒன்றும் இல்லை. மதிதான் ஒரு நிபந்தனை போட்டாள். டீ குடித்து முடிக்கிற வரைக்கும் நைனா அந்த அலமாரியைத் திறக்கக் கூடாது.

பகலவன் ஒத்துக்கொண்டார். ரயில்வே என்று மதி சொன்னாளே தவிர, ரயில்வேயில் என்ன வேலை என்று சொல்லவில்லை. அது மறதியா, முன்யோசனையா என்பது இன்று வரைக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கன்னியம்மா வீட்டிலிருந்து நான்கு பிளாஸ்டிக் சேர் வந்தது. பத்தரை மணிக்கு லட்சுமணனும் ரமாபாயும் சித்தார்த்தும் வந்தார்கள். லட்சுமணன் ஒல்லியான, சின்ன உருவம். சட்டைப்பையில் பேனாவும் அதன் பக்கத்தில் ஒரு பென்சிலும். அதிகம் பேசாதவர். ரமாபாய்தான் பேசினார். நமக்கு ஆடியும் இல்லை, அஷ்டமியும் இல்லை, ஹால் எந்த ஞாயிற்றுக்கிழமை கிடைக்கிறதோ அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார். சீர் வரிசை என்ற பேச்சே நம்மிடம் கிடையாது என்றும் சொன்னார். கெங்கம்மாவுக்கு அந்த அம்மாளைப் பார்த்த உடனே பிடித்துவிட்டது.

பகலவன் சொன்ன சொல் மாறாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனால் அலமாரிக்கு நேர் எதிரே இருந்த சேரில் லட்சுமணனை உட்கார வைத்தவர் அவரேதான். டீ பாதி டம்ளர் இருக்கும்போதே லட்சுமணன் எழுந்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அலமாரிக்கு முன்னால் போய் நின்றார். மதி அப்பாவைப் பார்த்தாள். பகலவன், நான் ஒன்றும் செய்யவில்லையே என்கிற மாதிரி கையை விரித்தார்.

"யாரு பண்ணது?"

"நான்தான்," என்றார் பகலவன், ரொம்பச் சாதாரணமாக.

லட்சுமணன் கண்ணாடிக் கதவைத் தள்ளி, நான்கு அங்குல மரப்பீரோ ஒன்றை இரண்டு விரலால் எடுத்தார். கதவைத் திறந்தார், மூடினார். அடியில் இருந்த இழுப்பறையை இழுத்துப் பார்த்தார். தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார். மூலையை நகத்தால் நெருடினார். பிறகு திரும்ப அதே இடத்தில், அதே கோணத்தில் வைத்தார்.

"கைவேல நல்லா கீது. கண்ணுக்கும் லட்சணமா கீது. ஆனா எல்லாம் பசைல நிக்குது. மரவேலன்னா மரம் மரத்தப் புடிக்கணும். பசைல நின்னா அது பொம்மதான்."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொல்வதுபோல, இருப்பதைச் சொன்னார். ரயில் பெட்டி செய்கிற பெரம்பூர் கேரியேஜ் வொர்க்ஸில் முப்பத்து நான்கு வருடம் கார்பென்டராக இருந்தவர் என்று சித்தார்த் மெல்லச் சொன்னான்.

பகலவன் சிரித்தார். பரவாயில்லை, பரவாயில்லை என்றார். யாரும் எதையும் மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை என்பது அவருக்கு அப்புறம்தான் உறைத்தது. ரமாபாய் ஹால் விவரத்தை எடுத்து, அடுத்த மாசமே ஒரு ஞாயிறு காலியாக இருக்கிறது என்று ஆரம்பித்தபோது அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒரு மூணு மாசம் போவட்டும். எனக்கு ஒரு வேல கீது."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். என்ன வேலை என்று அவர் சொல்லவில்லை. பெண்ணைப் பெற்றவருக்கு ஆயிரம் இருக்கும் என்று நினைத்து ரமாபாயும் மேலே கேட்கவில்லை.

அவர்கள் படி இறங்கின பிறகு கெங்கம்மா கதவைச் சாத்தினாள். பகலவன் விஷயத்தைச் சொன்னார். ஒரு சொட்டுப் பசை இல்லாமல், மரத்தை மரம் கவ்விப் பிடிக்கிற மாதிரி ஒரு பீரோ செய்து அந்த ஆள் கையில் கொடுத்துவிட்டுத்தான் கல்யாணம். கெங்கம்மா சிரித்திருந்தால் அவருக்குத் தெம்பாக இருந்திருக்கும். அவள் சிரிக்கவில்லை.

"பொண்ணு கல்யாணத்துக்கும் பீரோவுக்கும் இன்னாயா சம்பந்தம்?"

"அவரும் நானும் சம்பந்தி ஆவப்போறோம் இல்ல. அதான் சம்பந்தம்."

மதி அறைக்குள்ளிருந்து வந்தாள். அவள் குரலை உயர்த்தவில்லை. "ஊர்ல எல்லாருக்கும் ஜாதகம் பொருந்தலன்னு கல்யாணம் நிக்கும். எனக்குப் பலகை பொருந்தலன்னு நிக்குது," என்று மட்டும் சொல்லிவிட்டு, நான்கு சேரையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தூக்கிக்கொண்டு கன்னியம்மா வீட்டுக்குப் போனாள்.

அன்று சாயங்காலம் பகலவன் அலமாரியைத் திறந்து தான் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஏழு வருடத்தில் முதல் தடவையாக அவை அவர் கண்ணுக்கும் பொம்மையாகத் தெரிந்தன. நாற்காலி ஒன்றின் காலை லேசாக நெம்பினார். டக்கென்று கையோடு வந்துவிட்டது. நுனியில் காய்ந்த பசை வெள்ளையாக, உலர்ந்த சோற்றுப்பருக்கைபோல ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டிப் போட்டுவிட்டு, பசை டப்பாவைத் தூக்கிப் பரணில் ஒளித்து வைத்தார்.

பசை இல்லாத பொருத்து என்பது கேட்பதற்குச் சுலபம். ஒரு சட்டத்தின் முனையை நாக்குப்போலச் செதுக்க வேண்டும். இன்னொரு சட்டத்தில் அதே அளவுக்குக் குழி வெட்ட வேண்டும். நாக்கைக் குழிக்குள் இறக்கினால் கவ்விக்கொள்ளும். நிஜ பீரோவில் அந்த நாக்கு விரல் கனம் இருக்கும். பகலவனின் பீரோவில் அது ஊதுவத்திக் குச்சி கனம். இப்படி இருபத்தெட்டு நாக்கு, இருபத்தெட்டுக் குழி.

யார்டு மரம் பொல்லாத மிருதுவாக இருந்தது. குழி வெட்டினால் ஓரம் பிளந்தது, நாக்குச் செதுக்கினால் ஒடிந்தது. வைரம் பாய்ந்த மரம் வேண்டும் என்று வீட்டையே சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு வாரம் கழித்துச் சப்பாத்தி போட உட்கார்ந்த கெங்கம்மா பூரிக்கட்டையைத் தேடினாள். பூரிக்கட்டை அப்போது நாலு பலகையாக நடையில் காய்ந்துகொண்டிருந்தது. அன்றைக்குத் தண்ணீர் பாட்டிலால் சப்பாத்தி தேய்க்கப்பட்டது. இந்தியா வரைபடம், இலங்கை வரைபடம் என்று ஒவ்வொன்றும் ஒரு வடிவத்தில் தட்டில் விழ, பகலவன் வாய் திறக்காமல் எல்லாவற்றையும் சாப்பிட்டார்.

பழைய குடையைப் பிரித்து, கம்பியைக் கல்லில் தேய்த்து, ஊசி முனையில் ஒரு உளி செய்தார். அது நன்றாகவே வெட்டியது. மரத்தையும் வெட்டியது, அவர் பெருவிரலையும் வெட்டியது. ஒரு மாசம் போனபோது இருபத்தெட்டில் மூன்று பொருத்து உட்கார்ந்திருந்தது. அதிலும் ஒன்று ஆடியது.

ஆட்டம் வேலையிலும் தெரிந்தது. ஒரு புதன்கிழமை காலை, டிரெய்லர் மேல் பெட்டி தொங்கிக்கொண்டிருக்கிறது. இன்னும் ஒன்றரை அடி கடல் பக்கம் தள்ள வேண்டும். பகலவன் கையை உயர்த்தி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே ஒரு மயிரிழை இடம் விட்டுக் காட்டிக்கொண்டு நின்றார். மேலே கூண்டில் இருந்தவர் தவ்ஃபீக். பன்னிரண்டு வருடக் கூட்டாளி. கிரேனை நிறுத்திவிட்டு வாக்கியில் கூப்பிட்டார்.

"மாமு, இன்னா கொசுவுக்கு வழி காட்டினுகீறியா? அடிக்கணக்குல சொல்லு."

யார்டு முழுக்க எல்லா வாக்கியிலும் அது கேட்டது. அடுத்த நாலு நாளைக்குப் பகலவன் எதிரே வந்தவர்கள் எல்லாம் குட் மார்னிங் சொல்வதற்குப் பதிலாக இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினார்கள்.

மதி அப்பாவோடு பேசுவதை அவசியத்துக்கு என்று வைத்துக்கொண்டாள். சாப்பிட வாங்க, கேஸ் வந்திருக்கு, போன் அடிக்குது. இது பகலவனுக்கு உறுத்தாமல் இல்லை. ஒரு தடவை உளியைக் கீழே வைத்துவிட்டு, நாளைக்கே போன் பண்ணித் தேதி வைக்கச் சொல்லிவிடலாம் என்று எழுந்தும் விட்டார். அப்போது பார்த்து, எழும்போது கையோடு அழுத்திப் பார்த்த நான்காவது பொருத்து, ஆடாமல் அசையாமல், கிளிக் என்று உட்கார்ந்தது. அவரும் திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

முடிச்சை அவிழ்த்தது ரமாபாய். ஆறாவது வாரம் கெங்கம்மாவுக்கு அவர் போன் செய்தார். வேறு ஏதோ பேசுவதுபோல ஆரம்பித்து, உங்கள் வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். கெங்கம்மா பதில் தேடுவதற்குள், எங்கள் வீட்டுக்காரர் சரியில்லை என்று அவரே சொல்லிவிட்டார். உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுப் போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்த மனிதர் உளிப்பெட்டியை இறக்கி வைத்துக்கொண்டு பால்கனியை விட்டு எழுவதில்லை. உங்கள் வீட்டில் இருக்கிற மாதிரி சின்னதாக ஒரு நாற்காலி செய்தே தீருவேன் என்கிறார். செய்கிறார், வரவில்லை, தூக்கிப் போடுகிறார், திரும்பச் செய்கிறார். பென்ஷன் விஷயமாக பேங்குக்குப் போகச் சொன்னால்கூடப் போவதில்லை.

கெங்கம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். மூன்று மாச அவகாசம் எதற்கு என்கிற உண்மையை அப்போதுதான் உடைத்தாள். இரண்டு பேரும் போனில் முக்கால் மணி நேரம் பேசினார்கள், அதில் பாதி சிரிப்பு. பேசி முடித்தபோது தேதி வைத்தாயிற்று, ஹாலும் முடிவாயிற்று, பத்திரிகை மஞ்சள் கலரா வெள்ளைக் கலரா என்பதுகூடத் தீர்ந்தது. இரண்டு வீட்டிலும் ஆண்களுக்கு ராத்திரிச் சாப்பாட்டில் தகவல் தெரிவிக்கப்பட்டது.

"நாள் இன்னும் அஞ்சு வாரம். பீரோ ஆனா ஆவுது, ஆவாட்டி போவுது," என்றாள் கெங்கம்மா. "பத்திரிக சாம்பிளு சனிக்கெழம வந்துடும். நீயே பெரம்பூருக்கு எத்துகினு போயி சம்பந்திகிட்ட காட்டிட்டு வா."

பகலவன் மறுப்பு சொல்லிப் பார்த்தார். ஷிப்ட் என்றார், முழங்கால் என்றார். கடைசியில் சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறினார். சட்டைப்பையில் பத்திரிகை. பேன்ட் பையில், தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து, அதுவரை பொருந்திய ஒரு பக்கச் சட்டம். அதை எதற்கு எடுத்துப் போகிறோம் என்று அவரே தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

லட்சுமணன் பால்கனியில்தான் இருந்தார். காலைச் சுற்றிச் சுருள்சுருளாக மரச்சீவல். எதிரே ஒரு நாற்காலி நின்றது. பொருத்து ஒவ்வொன்றும் வாயைத் திறந்து பாராட்ட வேண்டிய மாதிரி இருந்தது; பசையும் இல்லை, ஆணியும் இல்லை. உயரம் மட்டும் ஒரு முழம்.

பகலவன் அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"நல்லா கீதே. இது யாரு குந்தறதுக்கு?"

"பூனைக்கு," என்று உள்ளேயிருந்து ரமாபாய் குரல் கொடுத்தார்.

லட்சுமணன் உளியைத் துடைத்து வைத்தார். கோபித்துக்கொண்டாரோ என்று பகலவன் பார்த்தபோது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். "அதுக்கு மேல சின்னதா போவ மாட்டேங்குது. கட்டை கையில நிக்க மாட்டேங்குது, வழுக்கிகினே போவுது. நீ எப்படிப் புடிக்கிற?" என்றார். 'நீங்க' போய் 'நீ' வந்திருந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

பகலவன் சொன்னார். துணி சோப்பைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு ஊற வைத்து, துண்டு மரத்தை அதில் பாதி அழுத்திவிட்டால் ஆடாது அசையாது. வேலை முடிந்ததும் கழுவி எடுத்துவிடலாம். லட்சுமணன் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, இதை யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். யாரும் இல்லை, ஒரு நாள் கோபத்தில் கட்டையைத் தூக்கி எறிந்தேன், அது போய் சோப்பில் குத்திக்கொண்டது என்றார் பகலவன்.

அதற்கப்புறம் தீப்பெட்டி வெளியே வந்தது. லட்சுமணன் அந்தச் சட்டத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நாக்கை முதலில் செதுக்கிவிட்டு அதற்கேற்பக் குழி வெட்டுகிறாயா என்று கேட்டார். ஆமாம் என்றார் பகலவன். அதுதான் தப்பு, குழியை முதலில் வெட்டு, குழிக்குத் தக்கபடி நாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிக்கொண்டு வா, குழியைச் சின்னதாக்க முடியாது, நாக்கை ஆக்கலாம் என்றார். பகலவன் தலையில் கையை வைத்துக்கொண்டார். ஆறு வாரம், ஒரு பூரிக்கட்டை, ஒரு குடை.

பத்திரிகையைக் காட்டிவிட்டு வரப் போனவர் வீடு திரும்ப ஏழு மணி ஆனது. பத்திரிகை சரியாக இருக்கிறதாமா என்று கெங்கம்மா கேட்டாள். அது சட்டைப்பையிலேயே மடித்தபடி இருந்தது.

அதற்குப் பிறகு வேலை ஓடியது. ஐந்து வாரத்தில் இருபத்தேழு பொருத்து உட்கார்ந்தன. கல்யாணத்துக்கு முதல் நாள் மண்டபத்துக்குச் சாமான் ஏற்றிக்கொண்டிருக்கும்போது, பின்பலகையின் கடைசி நாக்கு, இருபத்தெட்டாவது, ஒடிந்தது. புதுப் பலகை செதுக்க நேரமில்லை. கெங்கம்மா கீழே ஆட்டோவில் உட்கார்ந்து பெயர் சொல்லாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பகலவன் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு பரணில் ஒளித்து வைத்திருந்த பசை டப்பாவை எடுத்து, குண்டூசி முனையில் தொட்டு, ஒரே ஒரு சொட்டு வைத்தார்.

கல்யாணம் பெரம்பூரில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நடந்தது. பிக்கு வந்து பஞ்சசீலம் சொல்ல, எல்லோரும் கூடவே சொன்னார்கள். பொய் பேச மாட்டேன் என்று வருகிற இடத்தில் பகலவன் குரல் மட்டும் கொஞ்சம் கீழே போயிற்று. மாலை மாற்றி முடித்ததும் மேடையிலேயே பீரோவை லட்சுமணன் கையில் கொடுத்தார். போட்டோ எடுக்கிறவர் அது என்ன என்று தெரியாமல், மோதிரப் பெட்டி என்று நினைத்து, திறந்து காட்டச் சொன்னார். லட்சுமணன் திறந்தார், மூடினார், இழுப்பறையை இழுத்தார். கவிழ்க்கப் போகிற நேரத்தில் பகலவனால் தாங்க முடியவில்லை. குனிந்து அவர் காதோடு சொல்லிவிட்டார்.

"பின்னாடி பலகைல ஒரு சொட்டு வெச்சுட்டேன்."

லட்சுமணன் கவிழ்க்கப் போன கையை நிறுத்தினார். பீரோவின் முன்பக்கத்தைப் போட்டோக்காரருக்கு நேராகத் திருப்பிப் பிடித்தார்.

"பீரோவ செவுத்த ஒட்டித்தான வெப்பாங்க. பின்னாடி யாரு பாக்கப்போறா," என்றார்.

பீரோ இப்போது மதியிடம் இருக்கிறது. அப்பா செய்ததில் அவள் ஆசைப்பட்டு, மாமனாரிடம் கேட்டு வாங்கிக்கொண்டது அது ஒன்றுதான். அடி இழுப்பறையில் மூக்குத்தியும் ஒரு ஜோடிக் கம்மலும் வைத்திருக்கிறாள். கல்யாணத்தைத் தள்ளி வைத்த பீரோ என்று வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டுகிறாள். காட்டும்போது அவள் முகத்தில் இருப்பது கோபம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பகலவன் ஞாயிறு தவறாமல் பெரம்பூருக்குப் போகிறார். அங்கே பால்கனியில் சம்பந்திகள் இரண்டு பேரும் ஒரு ரயில் பெட்டியின் உள்பக்கத்தைச் செய்கிறார்கள். பெர்த், ஜன்னலோர மடக்கு மேசை, தண்ணீர் பாட்டில் வைக்கிற வலை எல்லாம். ரமாபாயின் துணி சோப்பு சீக்கிரம் சீக்கிரம் தீர்கிறது. இதுவரை கீழ் பெர்த் இரண்டு, நடு பெர்த் ஒன்று முடிந்திருக்கிறது. நடு பெர்த்தைத் தூக்கி மாட்டுகிற சங்கிலிக்குக் கெங்கம்மாவின் பழைய கொலுசு சரியாக இருக்கும் என்று பகலவன் சொல்கிறார். அதை யார் போய்க் கேட்பது என்பதில்தான் மூன்று வாரமாக வேலை நிற்கிறது.